ஏலக்காய்ப் பெட்டிக்குள் உன் குரல்

இன்று காலை ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே காகிதக் கூம்பில் ஒரு கிழிசல். சில நாட்களாகப் பேச்சு வரும்போதெல்லாம் ஈ பறப்பதுபோல ஒரு கரகரப்பு கேட்டுக்கொண்டிருந்தது. பலகை விலகியதும் ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. இத்தனை மழைக்காலம் போயும் அந்த மரத்தை விட்டு வாசம் போகவில்லை. கோந்து தடவிய காகிதத் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் உன்மேல் இருந்த பொறாமை வந்தது. எப்போதும் அந்த வரிசையில்தான் வருகிறது.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து நாம் இருவரும் ஊர் திரும்பியிருந்த சமயம். நீ உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. நான் சின்னமனூர்க்காரன். பர்மா எல்லையில் ஆளுக்கொரு படைப்பிரிவில் வயர்லெஸ் பார்த்திருந்தோம், ஆனால் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. மழைக்காலத்தில் பாதை சரிந்தால் மேகமலை எஸ்டேட்டுக்கும் கீழே சின்னமனூரில் இருந்த அதன் சரக்குக் கிட்டங்கிக்கும் இடையே பேச்சுவார்த்தையே அற்றுப்போகும். அதற்காக எஸ்டேட் துரை பட்டாளம் கழித்துப்போட்ட வயர்லெஸ் செட்டுகளில் இரண்டை வாங்கி, சர்க்காரிடம் நடையாய் நடந்து அனுமதியும் வாங்கினார். வேலைக்குச் சேர்ந்த அன்று கிட்டங்கி வாசலில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் நீ மலையேறிவிட்டாய். அதற்குப் பிறகு நீ எனக்கு வெறும் குரல்தான்.

அந்தக் குரலும் சரியாக இல்லை. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஆனால் காதில் மாட்டும் கருவிக்குள் நீ பேசுவது சோளம் பொரிகிற சட்டிக்குள் யாரோ முனகுவதுபோல இருக்கும். மேகம் திரண்டால் பாதிச் சொல் வராது. மீதியை நானாக நிரப்பிக்கொள்வேன். அப்படி நிரப்பியதில்தான் அந்தக் கொய்யாப்பழக் கூத்து நடந்தது.

"மாப்ள, கூலி லைன்ல காய்ச்ச பரவுது. கொய்னா அனுப்பு. நெறய அனுப்பு. ஓவர்" என்று நீ சொல்லியிருக்கிறாய். மலைக்காய்ச்சலுக்குத் தரும் கொய்னா மருந்து எனக்குக் 'கொய்யா' என்று விழுந்தது. காய்ச்சல்காரர்களுக்குப் பழம் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சந்தையில் கிடைத்த நல்ல பழமாகப் பொறுக்கி இரண்டு கூடை கழுதைமேல் ஏற்றிவிட்டேன். மறுநாள் நீ கூப்பிட்டாய்.

"மாப்ள, பழம் நல்ல இனிப்பு. இப்ப மருந்தையும் அனுப்புறியா? ஓவர்."

நீ சிரித்தாய். துரை சிரிக்கவில்லை. மருந்து பிந்தியும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் என் வேலை தப்பியது. கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை என்னிடம் வந்து, "தொர ரொம்பக் கோவமா இருக்காக. ஒருத்தன் காதுல மட்டும் விழுந்தா இப்பிடித்தான் ஆகும்னாக. நாலு பேரு கேக்குறாப்புல வெளிய ஒரு ஸ்பீக்கரு வச்சிரச் சொல்லிட்டாக" என்றார்.

மதுரையிலிருந்து ஒரு ஒலிபெருக்கியும், சத்தத்தைக் கூட்டிக் கொடுக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் வந்தன. இணைத்து மேசைமேல் வைத்தேன். நீ காலி எண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டுக் கத்துவதுபோல இருந்தது. சத்தம் பெரிதாயிற்று, சொல் தெளியவில்லை. அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வெறும் ஸ்பீக்கரு வெறும் வாயி மாப்ள. அதுக்கு ஒரு நெஞ்சுக்கூடு வேணும்."

அந்த நெஞ்சுக்கூட்டை எப்படிச் செய்வது என்று மலைமேல் இருந்துகொண்டே நீ சொல்லச் சொல்ல நான் செய்தேன். கிட்டங்கியில் ஏலக்காய் அடைத்து வந்த பலகைப் பெட்டி ஒன்று கிடந்தது. முகப்பில் வட்டமாக வெட்டி ஒலிபெருக்கியைத் திருகினேன். உள்ளே இலவம்பஞ்சைப் பரப்பினேன். பின்பலகையில் துளைகள் போட்டேன். செட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்டி ஊளையிட்டது. கம்பியை நீளமாக இழுத்து எதிர்ச்சுவர் ஓரம் ஒரு முக்காலிமேல் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நீ, "இப்ப நான் எப்பிடி இருக்கேன்? ஓவர்" என்று கேட்பாய். 'எப்படிக் கேட்கிறது' என்று நீ ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

கடைசிப் பலகையை முடுக்கியதும் நீ நன்றாக இருந்தாய். உன் மூச்சு கேட்டது. உனக்குப் பின்னால் தகரக்கூரையில் மழை விழுவதுகூடக் கேட்டது. அப்போதுதான் உன் குரல் எவ்வளவு நல்ல குரல் என்று தெரிந்தது. கணீரென்று, அடியில் ஒரு இளக்கத்தோடு, அவசரமே இல்லாத குரல். என் குரலைப் பட்டாளத்தில் 'ஓட்டைச் சட்டி' என்பார்கள். பொறாமை முதன்முதலில் அங்கேதான் முளைவிட்டது. அது பரவாயில்லை, சின்ன முளைதான். என் ஆத்தா வராமல் இருந்திருந்தால் அதோடு நின்றிருக்கும்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஆத்தாவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், காது போய்விட்டது. காய்ச்சலாலா, தின்ற கொய்னாவாலா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கத்தினால் சத்தம் விழும், சொல் விழாது. கையாலும் உதட்டாலும்தான் அவளிடம் பேசுவேன். நான் சொல்வது பாதி, அவள் ஊகிப்பது மீதி. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, அப்பா செத்தபோது நான் இல்லாமல் போனதைப் பற்றி என்னென்னவோ சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, "பசிக்குதா?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் கூழ்ச்சட்டியோடு கிட்டங்கிக்கு வந்தாள். முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெயில் அலுப்பில் பெட்டிமேல் தலையைச் சாய்த்தாள். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு பலகையில் பதிந்திருந்தது.

"மாப்ள, சாப்டியா? இங்கன ஒரே மழ. ஓவர்" என்றாய்.

ஆத்தா தீயைத் தொட்டவள்போலத் தலையை எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் மெதுவாகத் தலையைச் சாய்த்தாள்.

"ஏலே, யாருலே இவன்? மழங்குறான்?"

காது வழியாகப் போகாத சொல் பலகையிலிருந்து எலும்பு வழியாக ஏறியிருக்கிறது. பொத்தானை அமுக்கி, "மாப்ள, நீ பேசுறது எங்காத்தாவுக்குக் கேக்குது" என்றேன்.

நீ அவளிடமே பேசினாய். "ஆத்தா, நல்லா இருக்கீகளா?"

"நல்லாருக்கேன்யா. நீ நல்லாருக்கியா? மழையில நனையாத. தலைக்கு எதையாச்சும் போட்டுக்க."

கேட்ட கேள்விக்கு ஆத்தா சரியான பதில் சொல்லி எத்தனை காலமாயிற்று! சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான் முதலில் வந்தது. அது சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஆசையோடு அவள் காதருகே குனிந்து, "ஆத்தா, நான் பேசுறது கேக்குதா?" என்று கத்தினேன். அவள் முகத்தைச் சுளித்து, காதைத் துடைத்துக்கொண்டு, "எச்சி தெறிக்குதுலே" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எஸ்டேட் சமாசாரங்கள் முடிந்ததும் அவள் வந்துவிடுவாள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதுபோலக் கொண்டையைத் திருத்தி முடிந்திருப்பாள். பெட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் பேசும்போது நான் மைக்கை அவள் பக்கம் நீட்டிப் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும், நீ பேசும்போது விட வேண்டும். என் வேலை அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் சுருளி அருவியில் வழுக்கி விழுந்து மூக்குத்தியைத் தொலைத்ததை உனக்குச் சொன்னாள். என் அப்பா அதைத் தேடித் தண்ணீரில் இறங்கினாராம். கிடைக்கவில்லையாம். அப்படித்தான் இருவருக்கும் பழக்கம் ஆயிற்றாம். மகன் நான், பக்கத்தில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது உனக்கு.

பேசி முடித்ததும் "ஓவரு" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். பால்காரியிடமும் "நாளைக்கி ஒரு படி கூட ஊத்து, ஓவரு" என்றாள். ஊரே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கென்று ஊறப்போட்ட நார்த்தங்காயில் பாதி ஜாடி உனக்கு மலையேறியது. அப்பாவின் கம்பளி போயிற்று. ஒருநாள் அவள் போன பிறகு தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"மாப்ள, எங்காத்தாவ நீயே எடுத்துக்கிருவ போலருக்கே. ஓவர்."

விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று நீ நினைத்துக்கொள்வாய் என்றிருந்தேன். 

"எங்கம்மா மொகம் எனக்குத் தெரியாது மாப்ள. நான் பொறந்தப்பவே போய்ட்டாக. குரலும் தெரியாது. கொஞ்ச நேரந்தான, விடு."

பாவமாக இருந்தது. ஆனால் பாவம் என்று தோன்றிய பிறகும் பொறாமை குறையவில்லை. இரண்டும் ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

நோன்புப் பெருநாளுக்கு நீ ஊருக்கு வரவேண்டியிருந்தது. மேலே செட்டைப் பார்க்க நான் போகவேண்டும் என்றார்கள். அதைச் சொல்லும்போது நீதான் எடுத்துக்கொடுத்தாய்: "நல்லதாப் போச்சு மாப்ள. நான் அங்கன கீழ பாத்துக்கிறேன். நீ மேல இருந்து பேசு. ஆத்தா உங்குரலக் கேக்கட்டும்." எனக்கு அது தோன்றவே இல்லை. மலைப்பாதை முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன்.  உன் அறையில் அப்பாவின் கம்பளி மடித்து வைத்திருந்தது.

பெருநாள் கழிந்த மறுநாள் காலை நீ கிட்டங்கியில் என் நாற்காலியில் இருந்தாய். ஆத்தா வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று சொன்னாய். நான் பொத்தானை அமுக்கினேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது.

"ஆத்தா, நாந்தான். கேக்குதா?"

கீழே நீ பொத்தானை அமுக்கி அவள் முன்னால் மைக்கை நீட்டியிருக்க வேண்டும். அவள் குரல் வந்தது.

"யாருலே இது? புதுப்பயலா? எம்பிள்ள எங்க? மலையில இருப்பானே, அவன் எங்க? ஒடம்புக்கு ஆகலயா அவனுக்கு?"

நீ அவள் பக்கத்தில்தான் இருந்தாய். "ஆத்தா, நான் இங்கன இருக்கேன்" என்று நீ சொன்னது எனக்குக்கூடக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டறிந்தது பெட்டிக்குள் இருந்த உன்னைத்தான். நாம் இடம் மாறப்போவதை நான் சைகையில் சொன்னபோது தலையாட்டியிருந்தாள், விளங்கியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த உன்னைக் கிட்டங்கிக்கு வந்த யாரோ குமாஸ்தா என்று நினைத்திருக்கிறாள். "இந்தத் தம்பி என்னமோ வாயசைக்குது, ஒண்ணும் வெளங்கல" என்று என்னிடமே புகார் சொன்னாள்.

என் ஆத்தாவுக்கு உன் குரல் அடையாளம் தெரிகிறது. என் குரல் தெரியவில்லை. அவள் காதில் நான் எட்டு வயதோடு நின்றுபோயிருக்கிறேன். அந்தக் கீச்சுக்குரல் பையன்தான் அவள் மகன். இந்த ஓட்டைச் சட்டி யாரோ. உன்மேல் அன்றைக்கு வந்த பொறாமைபோல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"ஆத்தா, நான் உம்மகன். நீ பெத்த மகன். பக்கத்துல இருக்கான்ல, அவந்தான் மலைக்காரன். நாங்க எடம் மாத்திக்கிட்டோம்."

பொத்தானை விட்டேன். செட்டு கெட்டுவிட்டதோ என்று முள்ளைப் பார்த்தேன். பிறகு மெதுவாக அவள் குரல் வந்தது.

"உங்கப்பன் பேசுறாப்புல இருக்குலே. இன்னொருக்காப் பேசு."

பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கிட்டங்கி, மலை, குளிர் என்று ஏதேதோ. ஒவ்வொன்றுக்கும் அவள் சரியான பதில் சொன்னாள். போதும் என்று தோன்றுகிற அளவுக்கு அழுதேன். அதோடு அந்தக் காலை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் திடீரென்று, "இரு, இந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு வாறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து நீ கூப்பிட்டபோது உன் வாய் நிறையச் சோறு இருந்தது. 'ஓவர்' என்பது 'ஓவ்வ' என்று வந்தது. அவள் கையால் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் மேகத்துக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குத் தெரியாது. வழக்கம்போலக் கேலி பேசினாய், மூட்டைக் கணக்குச் சொன்னாய். ஆத்தா பெட்டியிலிருந்து தலையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, அவன் பேச்சுல நடுக்கம் இருக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு நின்னு நின்னு வருது. எனக்கு வந்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சு. ஆளனுப்பு."

குண்டுச் சத்தத்துக்கு நடுவே எழுத்துத் தவறாமல் செய்தி பிடித்தவன் நான். எனக்குக் கேட்காதது, காது கேட்காதவளுக்குக் கேட்டது. உன்னை அதட்டிக் கேட்டபோது, "சாதா காய்ச்சதான் மாப்ள" என்றாய். கணக்கப்பிள்ளை ஆட்களை அனுப்பினார். பாதை சரிந்திருந்ததால் காட்டுக்குள் சுற்றி, கம்பளியில் தூளி கட்டி உன்னைச் சுமந்துகொண்டு வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு வண்டியில் வைத்து உத்தமபாளையம்வரை ஆட்டிக்கொண்டு போகக்கூடாது என்றார். அதனால் எங்கள் வீட்டிலேயே கிடந்தாய். செய்தி கேட்டு வந்த உன் தகப்பனார், நீ 'அத்தா' என்று கூப்பிடுகிறவர், உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஆத்தா உன் தலைமாட்டை விட்டு நகரவில்லை. நீ ஏதோ சொல்வாய். அவள் உன் உதட்டையே பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். என்னிடம் ஊகிப்பதுபோலவே உன்னிடமும் ஊகித்தாள். தண்ணீர் என்றால் போர்வையை எடுத்தாள். இப்போது நாம் இருவரும் ஒன்று என்று ஒரு கணம் எனக்கு நிம்மதிகூட வந்தது. அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். அவளோடு பேசமுடியாமல் கிடப்பது உனக்குக் காய்ச்சலைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

ஒரு சாயங்காலம் என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். "மாப்ள, மல எதுக்கு நடுவுல? மைக்க நேரா ஆம்ப்ளிஃபையர்லயே கோத்துரு. பெட்டிய இங்கன கொண்டாந்து வையி."

இத்தனை நாள் அந்த ஆம்ப்ளிஃபையரோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு அறைக்குள்ளேயே பேசலாம், வயர்லெஸ்ஸே வேண்டாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் ஆத்தாவின் காதை எனக்குத் திறந்துகொடுக்கிற வழியைக்கூட நீதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோபமாக வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊளையிடாமல் இருக்கப் பெட்டியை அடுப்படியில் வைத்து ஆத்தாவை அதன் பக்கத்தில் உட்காரவைத்தேன். மைக்கை உன் வாயருகே பிடித்தேன்.

"ஆத்தா" என்றாய்.

"என்ராசா" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"ஒம்மகன் எம்மேல பொறாமப்படுறான் ஆத்தா."

 நீ என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாய்.

"தெரியும்யா" என்றாள் அவள். "பங்கு கேக்க ஆளில்லாம ஒத்தையா வளந்த பய. நீ கண்டுக்காத. பழகிருவான்."

நான் பழகுவதற்கு நீ இடம் கொடுக்கவில்லை. இரண்டொரு நாளில், உன் அத்தா தொழுதுவிட்டுத் திரும்பும் முன், ஒரு மத்தியானம் போய்விட்டாய். உத்தமபாளையம் பள்ளிவாசல்வரை ஆத்தாவும் வண்டியில் வந்தாள். ஆண்கள் நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். எல்லாம் முடிந்து கையில் மண்ணோடு வெளியே வந்தபோது அவள் வண்டியின் பக்கப்பலகையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளை எழுப்பவில்லை.

இப்போது மேலே வேறொருவன் இருக்கிறான். அவன் பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆத்தா அவனுக்காகக் கிட்டங்கிக்கு வருவதில்லை. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் மைக்கை எடுப்பேன், அவள் அடுப்படியில் பெட்டியில் சாய்ந்துகொள்வாள். அப்பா செத்தபோது நான் இல்லாமல் போனதைப் பற்றி ஒருநாள் முழுதாகச் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். அதற்கு அவள் சொன்ன பதிலை உனக்கும் சொல்லமாட்டேன். அது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும்.

போன வாரம் பண்ணைப்புரத்திலிருந்து தூரத்து உறவுக்காரி ஒருத்தி வந்திருந்தாள். எத்தனை பிள்ளைகள் என்று விரலைக் காட்டி ஆத்தாவிடம் கேட்டாள். ஆத்தா இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு பயலுக. மூத்தவன் மலையில இருந்தான், காய்ச்சல்ல போய்ட்டான். இவன் எளையவன்" என்றாள்.

இரண்டு என்றதற்கு எனக்கு மறுப்பில்லை. அதைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் மூத்தவன் என்று உன்னைச் சொன்னாள் பார், அது பொறுக்கவில்லை. எழுந்துபோய் மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் அந்த உறவுக்காரிக்கு உன் குரல் எப்படி இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். மைக்கைத் திரும்ப வைத்துவிட்டேன்.

நீ என்னைவிட இரண்டு வயது சின்னவன். பட்டாளத்துக் காகிதத்திலேயே இருக்கிறது. மூத்தவன் நான்தான். அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.